கீழ்மூலைக்குத் தைலமரம், கிணற்றடிக்கு வேம்பு: தம்பலகாமத்தில் இரண்டு ஏக்கருக்கு எந்த மரம்?

அக்காவின் காணி திருகோணமலை மாவட்டத்துத் தம்பலகாமத்தில் இருக்கிறது. இரண்டு ஏக்கர் மேட்டுக்காணி. மேல் எல்லையில் வீடும் 22 அடிக் கிணறும். அங்கிருந்து குடாப் பக்கமாக மெல்லச் சரிந்து போய், ஒரு கால் ஏக்கர் உவர்நிலத்தில் முடிகிறது. வாடை மழைக்கு அந்த மூலையில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். கச்சான் வீசத் தொடங்கினால் அதே நிலம் வெடித்து, வெடிப்பின் ஓரமெல்லாம் வெள்ளையாக உப்புப் பூத்துக் கிடக்கும். பதினைந்து வருடமாக அங்கே நாயுண்ணியும் இலந்தையும்தான் வளர்ந்தன. இப்போது அத்தான் ஓய்வு பெற்று வந்துவிட்டார். காணியைத் துப்புரவாக்கி மரம் வைக்கப் போகிறார்கள்.

"தம்பி, நீதானே இத்தனை வருடம் மரக்காலையில் இருக்கிறாய். எந்த மரம் வைப்பது என்று நீயே சொல்லு" என்று அக்கா கேட்டார்.

அத்தான் ஏற்கெனவே ஒரு முடிவோடு இருந்தார். இரண்டு ஏக்கரும் தைலமரம், அதாவது யூக்கலிப்டஸ். எட்டு வருடத்தில் வெட்டலாம், வெட்டிய அடிக்கட்டை மறுபடி துளிர்க்கும், ஆடு மாடு வாய் வைக்காது என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். மூன்றும் உண்மைதான். நான் சண்டை பிடிக்க வேண்டியிருந்தது சொல்லப்படாமல் விட்ட விடயங்களுக்காக. இரண்டு வாரம் அந்தக் காணியை மேலும் கீழுமாக நடந்து பார்த்தோம். தைலமரம், தேக்கு, சவுக்கு, வேம்பு, மரமுந்திரிகை, சாவண்டலை, பனை என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பேசினோம். இதே நிலையில் திருகோணமலை மாவட்டத்தில் பலர் இருக்கிறார்கள் என்பதால், பேசியதை எழுதி வைக்கிறேன்.

முதலில் பெயர். பெயரில் பிழை விட்டால் எட்டு வருடம் பிழைத்துப் போகும். யூக்கலிப்டஸ் என்பது ஒரு மரத்தின் பெயர் அன்று. 700க்கும் மேற்பட்ட இனங்களைக் கொண்ட ஒரு பேரினத்தின் பெயர். அநேகமாக எல்லாமே அவுஸ்திரேலியாவிலிருந்து வந்தவை. நம் சனங்கள் அத்தனைக்கும் தைலமரம் என்ற ஒரே பெயரை வைத்துவிட்டார்கள். தமிழ்நாட்டில் நீலகிரி மலையை ஒட்டி இருப்பவர்கள் கற்பூர மரம் என்றும் சொல்வார்கள். உண்மையான கற்பூரம் கறுவாவின் இனத்தைச் சேர்ந்த வேறொரு மரத்திலிருந்து வருகிறது. வாசனையின் ஒற்றுமையால் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. மலையகத்தில் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே வானத்தைத் தொடுவதுபோல் நிற்கிறவை கிராண்டிஸ், ரொபஸ்டா, மைக்ரோகோரிஸ் போன்ற இனங்கள். அவை பண்டாரவளை, நுவரெலியாக் குளிருக்கும் மழைக்கும் உரியவை. அங்கே கண்ட மரத்தை நினைத்துக்கொண்டு இங்கே நாற்று வாங்கினால் ஏமாற்றம்தான்.

எனக்கே ஒருமுறை அது நடந்தது. பல வருடங்களுக்கு முன் ஒரு நண்பருக்காக ஒரு நாற்றுமேடையில் தைலமரக் கன்றுகள் எடுத்துக் கொடுத்தேன். வறண்ட நிலத்துக்கான கன்று என்றுதான் தந்தார்கள். நட்ட பிறகு ஒரு நாள் இலையை விரலுக்குள் வைத்துக் கசக்கினேன். தேசிக்காய் மணம் தூக்கி அடித்தது. அது சிட்ரியோடோரா, எலுமிச்சை மணத் தைலமரம். அதன் எண்ணெயில் நிறைந்திருப்பது சிட்ரோனெலால். சவர்க்காரத்துக்கும் வாசனைப் பொருளுக்கும் நல்லது. நெஞ்சுச் சளிக்கு நாம் தேடும் சினியோல் அதில் அரிது. நண்பரின் நிலமோ தண்ணீர் நிற்கும் நிலம். அந்த மரங்கள் இரண்டாவது வாடையைத் தாங்கவில்லை. அன்றிலிருந்து கன்று வாங்கும்போது இலையைக் கசக்கி மணந்து பார்க்காமல் பணம் கொடுப்பதில்லை.

நம் வறண்ட வலயத்துக்கு ஏற்ற இனம் கமால்டுலென்சிஸ். அவுஸ்திரேலியாவில் 'ரிவர் ரெட் கம்' என்கிறார்கள். ஆற்றங்கரையில் நிற்கும், மரம் சிவப்பு, பட்டையைக் காயப்படுத்தினால் நம் வேங்கையைப் போலச் சிவந்த பிசின் வடியும். மூன்று சொல்லில் மூன்று குணமும் வந்துவிட்டன. மரே, டார்லிங் ஆறுகளின் கரைகளில் நூற்றாண்டுகள் கடந்த மரங்கள் இன்றும் நிற்கின்றன. அந்த நாட்டின் ஆதிக்குடிகள் அதன் பட்டையை ஒரே துண்டாக உரித்தெடுத்து ஓடம் செய்தார்கள். உரித்த தழும்போடு உயிர் வாழும் மரங்களை அங்கே பாதுகாக்கிறார்கள். கமால்டுலென்சிஸ் என்ற பெயர் மட்டும் இத்தாலியிலிருந்து வந்தது. நேப்பிள்ஸ் நகருக்கு அருகே கமால்டோலி என்ற இடத்துத் தோட்டத்தில் வளர்ந்த ஒரு மரத்தை வைத்து 1832இல் டேன்ஹார்ட் என்பவர் அதை விவரித்தார்.

இந்த மரத்தின் மொட்டைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். பட்டாணிக் கடலையிலும் சிறியது. மேல்பாதி ஒரு மூடி. மூடியின் நுனி சிட்டுக்குருவியின் அலகுபோலக் கூர்ந்திருக்கும். பூக்கும் நாளில் அந்த மூடி கழன்று விழ, உள்ளே சுருண்டிருந்த வெள்ளை இழைகள் விரிகின்றன. இதழ் என்று ஒன்றுமே கிடையாது. 'நன்றாக மூடப்பட்டது' என்ற பொருளில் கிரேக்கச் சொற்களைச் சேர்த்து யூக்கலிப்டஸ் என்று பெயர் வைத்ததற்கு இந்த மூடிதான் காரணம். கமால்டுலென்சிஸுக்கு முன்பு ரொஸ்ட்ராட்டா என்றும் பெயர் இருந்தது. அலகுள்ளது என்று பொருள். கன்றாக இருக்கும்போது இனத்தைச் சொல்வது கடினம். ஆனால் தாய்மரத்தின் மொட்டைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். விதை எங்கிருந்து வந்தது என்று சொல்லத் தெரியாத இடத்தில் கன்று வாங்க வேண்டாம்.

இனி, அத்தானின் கணக்கு. அதை நான் மதிக்கிறேன், ஏனென்றால் அது வயதின் கணக்கு. அவருக்கு 60 வயது. தேக்கு வைத்தால் முப்பது வருடம் காத்திருக்க வேண்டும். தைலமரம் ஏழு எட்டு வருடத்தில் விறகுக்கும் கம்புக்கும் கப்புக்கும் தயாராகிவிடும். நம் பக்கத்தைப் போன்ற வறண்ட நிலத்தில் ஹெக்டயருக்கு வருடம் 5 முதல் 10 கன மீற்றர் வரை மரம் கிடைக்கும் என்பது பொதுவான அளவு. ஏக்கருக்குப் பார்த்தால் 2 முதல் 4 கன மீற்றர். அடிக்கட்டை மறுபடி துளிர்ப்பதால் இரண்டாம் அறுவடைக்குக் கன்றும் வேண்டாம், குழியும் வேண்டாம். சவுக்கு அப்படித் துளிர்க்காது. வெட்டினால் புதிதாகத்தான் நட வேண்டும். விறகுக்கு ஆள் இல்லையே என்று யாரும் சொல்ல முடியாது. பேக்கரிக்காரர் கேட்கிறார், செங்கல் சூளைக்காரர் கேட்கிறார். 2022இல் எரிவாயுச் சிலிண்டருக்கு வரிசையில் நின்ற நாட்களில் நகரத்து வீடுகளே விறகு அடுப்புக்குத் திரும்பியதை நாம் எல்லோரும் பார்த்தோம். அக்கா அந்த வருடம் முழுக்க நாயுண்ணித் தடியை எரித்துக் கண்ணைக் கெடுத்துக்கொண்டார். வீட்டுக் காணியிலேயே நல்ல விறகு நிற்பது சின்ன விடயம் அன்று.

ஆனால் பலகைக்கு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இதை நான் மரம் அரியும் வாளடியில் நின்று பார்த்தவன். இளம் தைலமரக் குற்றியை வாளில் தள்ளும்போது பாதி தூரம் போவதற்குள் பலகை வில்லாக வளைந்து வாளை விட்டு விலகும். உள்ளே இறுகிக் கிடந்த இழுவிசை, அறுத்ததும் விடுபடுகிறது. வெட்டிப் போட்ட குற்றியின் இரண்டு தலையிலும் ஒரே இரவில் நட்சத்திரம் போல வெடிப்பு விரியும். அதைத் தடுக்க எஸ் வடிவ இரும்புத் தகட்டைத் தலையில் அடித்து வைப்பார்கள். முதிர்ந்த மரத்தின் சிவந்த வைரம் வேறு கதை. அதுதான் அவுஸ்திரேலியாவில் தண்டவாளக் கட்டையாகவும் வேலித் தூணாகவும் பெயர் வாங்கியது. நம் ஆட்கள் எட்டு வருடத்தில் வெட்டும் மரத்தில் வெள்ளைதான் அதிகம். மருந்து ஏற்றாமல் மண்ணில் நட்டால் கறையான் விட்டு வைக்காது. ஆகவே விறகு, கம்பு, சாரமரம், தற்காலிகப் பந்தல் கால். அவ்வளவுதான்.

தைலம் வடித்து விற்கலாமே என்று மருமகள் கேட்டாள். நல்ல கேள்வி. மருந்துக்கடையில் வாங்கும் எண்ணெயில் நூற்றுக்கு 70 பங்குக்குக் குறையாமல் சினியோல் இருக்க வேண்டும் என்பது மருந்துத் தர விதி. கமால்டுலென்சிஸில் அந்த அளவு விதைக்கு விதை மாறும். சில இடத்து விதையில் நிறைந்திருக்கும், சிலவற்றில் மிகக் குறைவு. நல்ல இலை என்றாலும் 100 கிலோவுக்கு ஒரு லீற்றரை ஒட்டித்தான் வரும். வடிக்கும் வாலையும் எரிபொருளும் கூலியும் சேர்த்துப் பார்த்தால் கால் ஏக்கர் இலைக்கு அது தொழில் ஆகாது. தடிமனுக்கு நாலு இலையைக் கொதிநீரில் போட்டு வேது பிடிக்கலாம், நிம்மதி தரும். ஒன்றை மட்டும் மருமகளுக்கு அழுத்திச் சொன்னேன்: கடையில் வாங்கும் எண்ணெயைக் கைக்குழந்தையின் மூக்கடியில் தடவவே கூடாது. சிறு குழந்தை சில மில்லிலீற்றரைக் குடித்துவிட்டாலே வலிப்பு வரலாம். அந்தப் போத்தலைப் பூட்டிய அலுமாரிக்குள் வையுங்கள்.

தண்ணீருக்கு வருகிறேன். முழு முடிவும் இங்கேதான் இருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தைலமரம் காய்ச்சல் மரம் என்று புகழ் பெற்றிருந்தது. மலேரியா எப்படிப் பரவுகிறது என்று தெரியாத காலம். சதுப்பு நிலத்தின் கெட்ட காற்றே காரணம் என்று எண்ணி, அந்த நிலத்தை வற்ற வைக்க இந்த மரத்தை நட்டார்கள். ரோம் நகருக்கு வெளியே திரே பொன்தானே மடத்துத் துறவிகள் தங்கள் சதுப்பைச் சுற்றி ஆயிரக்கணக்கில் வைத்தார்கள். சதுப்பு நிலத்தைக் குடித்து வற்ற வைக்கும் மரம் என்பதுதான் அன்று அதற்குப் பெருமை. அதே வாயை நம் கிணற்றடியில் கொண்டுவந்து வைத்தால் என்ன ஆகும் என்பதை அத்தான் யோசிக்கவில்லை.

திருகோணமலைக்கு வருடத்துக்குச் சுமார் 1,600 மில்லிமீற்றர் மழை. இரண்டு ஏக்கரில் அது கிட்டத்தட்ட 1 கோடியே 30 இலட்சம் லீற்றர். கேட்கப் பெரிதாக இருக்கும். ஆனால் பெரும்பகுதி ஐப்பசிக்கும் தைக்கும் இடையில் கொட்டி, சரிவில் ஓடி, குடாவில் சேர்ந்துவிடுகிறது. மண்ணுக்குள் இறங்கிய மிச்சம்தான் சித்திரையிலிருந்து புரட்டாசி வரை கிணற்றைக் காக்கிறது. தைலமரம் இலை உதிர்த்து ஓய்வெடுக்கும் மரம் அல்ல. கச்சான் காலத்திலும் பசுமையாக நின்று ஆழத்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். கர்நாடகத்தில் 1990களில் இதை அளந்து பார்த்தார்கள். பல இடங்களில் மழையாக விழுந்த அளவுக்குத்தான் மரம் குடித்தது. ஆழமான மண் உள்ள இடத்தில் மழையைவிட அதிகமாகக் குடித்தது, அதாவது முந்திய வருடங்களின் சேமிப்பையும் வேர் தேடிப் போய் எடுத்தது. மழையளவுக்கே குடித்தாலும் கிணற்றுக்கு என்று இறங்க என்ன மிஞ்சும்?

இதை வைத்துத் தைலமரத்தைப் பேய் என்று திட்டுகிறவர்களோடு நான் சேர மாட்டேன். நெருக்கமாக நட்ட எந்த மரமும் குடிக்கும். கேள்வி, ஏக்கருக்கு எத்தனை வாய் என்பதுதான். தைலமரத்தை 2 மீற்றர் இடைவெளியில் நட்டால் ஏக்கருக்கு ஆயிரம் மரம். 3 மீற்றர் என்றால் 450. மரமுந்திரிகையை ஏழரை மீற்றர் இடைவெளியில் வைத்தால் 72 மரம்தான். வேகமாக வளர்வதே வேகமாகக் குடிப்பதால்தான். எட்டு வருடத்தில் விறகு வேண்டும், தண்ணீரும் குறையக்கூடாது என்று இரண்டையும் ஒரே மரத்திடம் கேட்க முடியாது. வயலோரம் வைப்பவர்களுக்கும் இதே பேச்சுத்தான். மரம் எவ்வளவு உயரமோ அவ்வளவு தூரத்துக்கு வேளாண்மை இளைத்துப் போகும். வரம்பில் தைலமரம் நட்டு வருடா வருடம் பக்கத்து வயற்காரரோடு மனத்தாங்கல் படுகிறவர்களை எனக்குத் தெரியும்.

அத்தானுக்கு இந்தக் கணக்கைச் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எங்கள் கிணறு மேலேதானே இருக்கிறது, கீழ்ப்பக்கம் நடலாம் அல்லவா?" என்று கேட்டார். சரியான கேள்வி. ஆனால் கீழ்ப்பக்க வேலிக்கு அப்பால் பெரியம்மா ஒருவர் தனியாக இருக்கிறார். அவருடைய கிணறு எங்கள் கீழ்மூலையிலிருந்து 40 மீற்றர். எங்கள் மரம் அவருடைய தண்ணீரைக் குடிக்கக்கூடாது என்பதையும் சேர்த்துத்தான் தீர்மானிக்க வேண்டியிருந்தது.

மற்ற மரங்களை இந்தக் கண்ணோடு பார்த்தோம்.

தேக்கை அதிக நேரம் பேசவில்லை. ஒல்லாந்தர் காலத்தில் இந்தத் தீவுக்கு வந்த மரம், விலை உள்ள மரம், கச்சானில் இலை உதிர்த்துத் தண்ணீரை மிச்சப்படுத்தவும் செய்யும். ஆனால் கீழே தண்ணீர் நிற்கிறது, தேக்கு அதைப் பொறுக்காது. மேலே நடலாம் என்றால் அத்தான் 90 வயதில் வெட்ட வேண்டும். பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில். காவலில்லாத காணியில் தேக்கு நிற்பது கள்ளனுக்கு அழைப்பு. சவுக்கு கடற்கரை மரம். 2004 சுனாமிக்குப் பிறகு கரையோரத்தில் நிறைய நட்டார்கள். நிலாவெளி, குச்சவெளி மணலில் காணி உள்ளவருக்கு அதுதான் தைலமரத்துக்கு நேர்ப் போட்டி. வேரிலேயே தழைச்சத்தைச் சேர்த்துக்கொள்ளும், உப்புக்காற்றைத் தாங்கும். எங்கள் களிமண்ணில் அது எடுபடாது.

வேம்பைப் பற்றி நம் ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நிழல், காற்று, பூ, கொட்டை, கறையான் எளிதில் தொடாத மரம். வளர்ச்சி நிதானம், கதவு நிலைக்கு வர இருபது வருடம் ஆகும். பணத்துக்காக நடும் மரம் அல்ல. வீட்டைச் சுற்றி நடும் மரம். இங்கே தைலமரத்தோடு ஒப்பிட இன்னொரு காரணமும் இருக்கிறது: முதிர்ந்த ரிவர் ரெட் கம் காற்றே இல்லாத பகலிலும் பெருங்கிளையை முறித்துப் போடும். அதன் கீழே கூடாரம் அடிக்க வேண்டாம் என்று அந்த நாட்டில் எச்சரிப்பார்கள். இலையில் எண்ணெய் இருப்பதால் கோடையில் சருகு தீப்பிடித்தால் அணைப்பது பாடு. 2020 டிசெம்பர் 2ஆம் திகதி புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறிய இரவில் அக்காவும் அத்தானும் ஓட்டுக்குக் கீழே விழித்திருந்தார்கள். அந்த ஓட்டுக்கு மேலே தைலமரம் நிற்பதை நான் சம்மதிக்க மாட்டேன்.

மரமுந்திரிகைதான் அத்தானின் வயதுக் கணக்குக்கு உண்மையான பதில் என்று எனக்குப் பட்டது. மூன்றாம் நான்காம் வருடத்திலேயே காய்க்கத் தொடங்கும், வெட்டாமலே வருமானம் தரும். மாசி பங்குனியில் கொட்டை பொறுக்கலாம்; அந்த வேலையை 70 வயதிலும் செய்யலாம், மரம் வெட்ட முடியாது. தண்ணீர் நிற்கும் இடம் மட்டும் ஆகாது. நடு ஏக்கர் செம்மண் கலந்த மணல், அதற்குப் பொருத்தம். பூக்கும் காலத்தில் மழை வந்தால் விளைச்சல் கெடும், தேயிலைக் கொசு என்ற பூச்சி வந்தால் குருத்துக் கருகும். அதையும் மறைக்காமல் சொன்னேன்.

சாவண்டலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்த முடியாது. சிங்களத்தில் ஹல்மில்ல. ஆங்கில மர வியாபாரிகள் அதற்கு வைத்த பெயரே 'திருகோணமலை மரம்'. இந்தத் துறைமுகத்திலிருந்து ஏற்றுமதியாகி அந்தப் பெயரைப் பெற்றது. சென்னைக் கடற்கரையில் அலையைத் தாண்டிக் கப்பலுக்கு ஆட்களைக் கொண்டுபோன மசுலாப் படகுகள் இந்தப் பலகையால் செய்யப்பட்டவை. ஆணியே அடிக்காமல், பலகையோடு பலகையைக் கயிற்றால் தைத்த படகுகள். அலை தூக்கி மணலில் அறையும்போது நெளிந்து கொடுக்கிற, ஆனால் உடையாத மரம் அதற்குத் தேவைப்பட்டது. பீப்பாய்க்கும் வண்டிக்கும் இதைத்தான் தேடினார்கள். மரக்காலையில் பழைய வீட்டுத் தீராந்தி ஒன்று வந்தால் நகத்தால் கீறிப் பார்த்து சாவண்டலையா என்று சொல்லிவிடுவேன். நேர் நார், எண்ணெய் தடவியது போன்ற மினுக்கம். அதன் காய் ஆறு சிறகுள்ள சிறு காற்றாடி. விதையில் முள்மயிர் உண்டு, எடுக்கும்போது கை அரிக்கும், துணியைச் சுற்றிக்கொண்டு பொறுக்க வேண்டும். ஊரின் பெயரைத் தாங்கிய மரம் ஊரில் நடப்படாமல் அருகி வருவது எனக்குப் பெரிய மனக்குறை. வளர ஒரு தலைமுறை ஆகும் என்பதால் வருமானக் கணக்கில் அது தோற்கும். அக்காவிடம் வெளிப்படையாகக் கேட்டேன்: வேலியோரம் முழுக்க சாவண்டலை வையுங்கள், அது பேரப்பிள்ளைகளுக்கு. வேலிக்கு எப்படியும் மரம் வேண்டும். கிளிசரியாக் கதியாலுக்கு நடுவே ஐந்து மீற்றருக்கு ஒன்றாக நின்றால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை.

பனையும் பட்டியலில் இருந்தது. அக்காவுக்கு ஒடியல் கூழ் என்றால் உயிர். காய்க்கப் பன்னிரண்டு பதினைந்து வருடம், பெண் பனையை அனுமதியில்லாமல் வெட்ட முடியாது, கந்தளாய்ப் பக்கமிருந்து யானை வந்தால் குருத்தைத்தான் முதலில் பிடுங்கும். இருந்தும் விதைக்குச் செலவே இல்லை. மூலைக்கு நாலு விதை புதைக்கச் சொல்லிவிட்டேன்.

மிஞ்சியது கீழ்மூலை. வேம்பு தண்ணீரில் அழுகும், முந்திரிகை அழுகும், தேக்கு நிற்காது, சாவண்டலை உப்பைக் கண்டால் ஒடுங்கும். வெள்ளத்தையும் உப்பையும் பிறகு ஆறு மாத வறட்சியையும் ஒரே இடத்தில் தாங்கி, எட்டு வருடத்தில் விறகும் தரும் மரம் அந்தப் பட்டியலில் ஒன்றுதான்: கமால்டுலென்சிஸ். அது பிறந்த ஆற்றங்கரையும் அப்படித்தான், வெள்ளம் வந்து போய் வறண்டு கிடக்கும் நிலம். அத்தானின் மரத்துக்கு அத்தானின் காணியில் இடம் இருந்தது. இரண்டு ஏக்கர் அல்ல, கால் ஏக்கர்.

ஆகவே இப்படி முடிவெடுத்தோம். வீட்டைச் சுற்றியும் கிணற்றடியிலும் வேம்பு, ஆறு மரம். நடு ஏக்கரில் 72 மரமுந்திரிகை. வேலியில் சாவண்டலை. கீழ்மூலையில் 3 மீற்றர் இடைவெளியில் 110 தைலமரம். வேலிக்கும் முதல் வரிசைக்கும் இடையில் நல்ல இடம் விட்டு, பெரியம்மாவின் கிணற்றிலிருந்து எட்டி நிற்கும்படி வரிசைகளைத் திருப்பி வைத்தோம். அதனால் எட்டு மரம் குறைந்தது. அத்தான் மறு பேச்சுப் பேசவில்லை.

நடுகிறவர்களுக்கு இரண்டு விடயம். தைலக்கன்றைக் கறையான் முதல் வருடத்தில்தான் அதிகம் கொல்லும். குழியைச் சுற்றிப் பழைய வேரும் தடியும் இல்லாமல் பொறுக்கிவிட வேண்டும். புல்லோடு போட்டி போட அதற்குத் தெரியாது, ஒரு வருடமாவது களை எடுக்க வேண்டும். எட்டாம் வருடம் வெட்டும்போது நிலத்திலிருந்து நாலு ஐந்து அங்குலம் விட்டு, மழைநீர் வழிந்தோடும்படி சரிவாக அறுத்துவிடுங்கள். கத்தியால் கொத்திப் பிளந்தால் அடிக்கட்டை அழுகிவிடும். துளிர்த்த பிறகு கட்டைக்கு இரண்டு தளிர் மட்டும் விட்டு மற்றதை ஒடித்துவிட வேண்டும். வெட்டி ஏற்றுவதற்கு முன் கிராம அலுவலரிடமும் வனத்திணைக்களத்திலும் என்ன பத்திரம் வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். லொறி வீதிக்கு வந்த பிறகு கேட்பது வீண் அலைச்சல்.

புரட்டாசி கடைசியில், கிணறுகள் மிகவும் இறங்கி நிற்கும் நாளில், பெரியம்மாவின் வீட்டுக்குப் போனோம். அத்தான் வாளியை இறக்கினார். வாளி தண்ணீரைத் தொட்ட இடத்தில் கயிற்றில் சிவப்புத் துணியால் ஒரு முடிச்சுப் போட்டார். ஒவ்வொரு புரட்டாசியும் அதே கயிற்றை இறக்கிப் பார்ப்பது என்று பேச்சு. மழை வழக்கம் போலப் பெய்தும் இரண்டு வருடம் தொடர்ந்து முடிச்சுக்குக் கீழே தண்ணீர் போனால், எட்டாம் வருடத்துக்குக் காத்திராமல் பெரியம்மா பக்கத்து மூன்று வரிசையையும் அறுத்து, துளிரையும் ஒடித்துவிடுவதாக அத்தான் சொன்னார். பெரியம்மா கயிற்றைச் சுருட்டி, தனியாக ஓர் ஆணியில் மாட்டிவைத்தார்.